பழனிக்கு நடந்து வரும் அடியவர்களுக்கு, குளக்கரையிலிருந்து ஒரு மடல்



தை பிறந்துவிட்டால் எங்கள் ஊருக்கு இரவு என்று ஒன்று கிடையாது. திண்டுக்கல் சாலையில் இருக்கும் என் அக்கா வீட்டுத் திண்ணையில் அண்டா நிறையச் சுக்குக் காப்பி போட்டு வைத்துக்கொண்டு காத்திருப்போம். நடுநிசி தாண்டி ஆயக்குடிப் பக்கமிருந்து முதலில் ‘அரோகரா’ கேட்கும். அப்புறம் செருப்பில்லாத கால்களின் சத்தம். அதற்கப்புறம்தான் ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். பையின் முதுகில் ஒளிரும் பட்டை, தலையில் துண்டு, கொப்புளத்துக்கு மேல் சுற்றிய பழந்துணி. பல வருடங்களாக உங்கள் கையில் டம்ளரைக் கொடுத்து வருகிறவன் என்ற ஒரே உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தத் திண்ணையில் ஓர் ஆச்சி வந்து உட்கார்ந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தேவகோட்டைப் பக்கம் என்றார்.

“இன்னும் கொஞ்ச தூரந்தான் ஆச்சி, வந்துட்டீங்க” என்றேன்.

“தெரியும் தம்பி. நாப்பது வருசமா வர்றேன்ல.”

உண்மையிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. நத்தத்துக்கு இந்தப் பக்கம் எந்தப் புளியமரத்தடியில் நிழல் நிற்கும், கோபால்பட்டியில் யார் வீட்டு மோரில் கறிவேப்பிலை மணக்கும், எந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்று கணக்கு ஒப்பிப்பதுபோல் சொல்லிக்கொண்டே போனார். பழனிக்குள் எங்கெல்லாம் போவீர்கள் என்று கேட்டேன். காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “மலை தெரியும், மடம் தெரியும். மறுநா பஸ் ஏறிருவோம். ஊருக்குள்ள எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி.”

அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்தச் சொல் உள்ளே இறங்கிவிட்டது. நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேலான வழியை மனப்பாடமாக வைத்திருப்பவருக்கு, அந்த வழி வந்து சேரும் ஊர் மட்டும் தெரியவில்லை. அது அவர் தவறில்லை. பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் வரலாறு நடத்தியவன் நான். பழனி என்றால் மலை என்றும், வரலாறு என்றால் தலபுராணம் என்றும் எங்கள் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுத்துவிட்டு, வெளியூரிலிருந்து வரும் ஆச்சிக்கு ஊர் தெரியவில்லையே என்று எப்படிக் கேட்பேன்?

அதனால் இப்போது சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த மலைக்கும் எங்கள் வீடுகளுக்கும் நடுவே ஒரு குளம் இருக்கிறது. வையாபுரிக் குளம். மதுரைப் பக்கம் கண்மாய் என்பார்கள், வடக்கே ஏரி என்பார்கள், எங்களுக்குக் குளம். படிக்கட்டு வைத்த கோயில் குளத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். கரை போட்டு, மடை வைத்து, வயலுக்குப் பாய்ச்சக் கட்டிய குளம். அதன் கரையில் வளர்ந்த ஊர்தான் பழனி.

பேரிலிருந்தே தொடங்குகிறேன். கொங்கு நாட்டை 24 நாடுகளாகப் பிரித்து வைத்திருந்த காலத்தில் இந்த வட்டாரத்துக்கு வையாபுரி நாடு என்று பெயர். ‘நாத விந்து கலாதீ’ என்று தொடங்கும் திருப்புகழைப் பாடுகிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அதன் முடிவில் அருணகிரிநாதர் இதே நாட்டை வைகாவூர் என்று சொல்கிறார். இன்னும் பின்னால் போனால், மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனின் முழுப்பெயர் வையாவிக் கோப்பெரும்பேகன். வையாவி, வைகாவூர், வையாபுரி. மூன்றும் ஒரே பேரின் தேய்வு என்றே நான் நம்புகிறேன். அரண்மனை இல்லை, கோட்டை இல்லை, பேகன் நின்ற இடம் இதுதான் என்று காட்ட ஒரு கல்லும் இல்லை. அவன் நாட்டின் பேரை இன்றைக்கும் சுமந்துகொண்டிருப்பது ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும் ஒரு குளம்.

மயிலுக்குப் போர்வை கொடுத்த கதையோடு பேகனை நாம் விட்டுவிடுகிறோம். புறநானூறு அவனை அத்தோடு விடவில்லை. அவன் மனைவி பெயர் கண்ணகி. சிலப்பதிகாரக் கண்ணகி வேறு, இவள் வேறு. அவளை அவன் பிரிந்துபோய்விட்டான். கபிலரும் பரணரும் அரிசில் கிழாரும் பெருங்குன்றூர்க் கிழாரும் ஒருவர் பின் ஒருவராக அவனிடம் போய், எங்களுக்குப் பரிசில் வேண்டாம், அவளிடம் திரும்பிப் போ என்று பாடினார்கள். பாட்டோடு இந்த நாட்டை நோக்கி நடந்து வந்து, தனக்கென்று எதுவும் கேட்காமல், அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணுக்காக வேண்டிக்கொண்ட கூட்டம் அது. உங்கள் காவடிச் சிந்தைத் தெருவில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நால்வர் நினைவு வருகிறது.

அகநானூற்றின் முதல் பாட்டிலும் எங்கள் ஊர் இருக்கிறது. பாடியவர் மாமூலனார். அதில் ஊருக்குப் பொதினி என்று பெயர், ஆள்பவன் நெடுவேள் ஆவி. பொதினிதான் பழனி ஆயிற்று என்பது அறிஞர் பலரின் கருத்து. அந்தப் பாட்டில் பொதினியின் அடையாளமாக ஒரு கைத்தொழிலாளி வருகிறான். சாணைக்கல் செய்யும் காரோடன். அரக்கைச் சேர்த்து அவன் இறுக்கிய கல்லைப்போல் பிரியவே மாட்டேன் என்று சொன்னாரே, அந்தச் சொல்லை மறந்துவிட்டாரா என்று தலைவி கேட்கிறாள். ஈராயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரு புலவருக்குப் பழனி என்றதும் ஒரு பட்டறை நினைவுக்கு வந்திருக்கிறது. வகுப்பில் இதை எத்தனையோ தடவை நடத்தியும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

அந்தப் பட்டறைக்குப் பக்கத்துவீடு மாதிரி ஓரிடத்தையும் மண்ணிலிருந்து எடுத்திருக்கிறார்கள். பழனிக்குத் தென்மேற்கே சுமார் 12 கிலோமீட்டரில் மலையடிவாரத்தில் பொருந்தல். புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010 ஆண்டுகளில் அங்கே அகழாய்வு செய்தார். ஈமக்குழி ஒன்றில் நான்கு கால் வைத்த ஒரு மண் ஜாடி. ஜாடிக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல். அந்த நெல்லைக் கதிரியக்கக் கரி முறையில் ஆராய்ந்தபோது கி.மு. 490 என்று காலம் வந்தது. அதே குழியில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த மண்பொருளும் கிடைத்தது. தமிழ் எழுத்தின் காலத்தைப் பற்றி நடக்கும் பெரிய வாதத்தில் இன்று பொருந்தல் ஒரு முக்கியச் சாட்சி. கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் அங்கே ஏராளம்.

எழுத்தைப் பற்றிப் படித்தவர்கள் பேசட்டும். எனக்கு அந்த நெல்தான் பெரிது. செத்துப்போனவருக்கு இரண்டு கிலோ நெல் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். நெல் இருந்தால் தண்ணீரைத் தேக்கி, பங்கிட்டு, காவல் காக்கத் தெரிந்த ஊர் இருந்திருக்க வேண்டும். வையாபுரிக் குளத்துக்குப் பேர் வந்தது பிற்காலமாக இருக்கலாம். இந்த மலையடிவாரத்தில் தண்ணீரைத் தேக்கி வாழும் பழக்கத்துக்கு அவ்வளவு வயது உண்டு.

இனி உங்கள் கதைக்கு வருகிறேன். செட்டிநாட்டிலிருந்து காவடி எடுத்து வரும் நகரத்தார்கள் நானூறு வருடமாக இந்த வழியில் நடக்கிறார்கள் என்று அவர்கள் மரபு சொல்கிறது. அந்த மரபின் தொடக்கத்தில் இருப்பவர் உப்பு வியாபாரத்துக்குப் பழனி வந்த ஒரு செட்டியார். உப்பு விற்க வந்தவர், இங்கே மனம் தோய்ந்து, ஆண்டவருக்கு ஒரு பங்கு வைத்து வியாபாரம் செய்தார் என்பது கதை. இந்தக் கதையைப் பெரும்பாலும் பக்திக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஊரும் தெரிகிறது. கடற்கரை உப்பு இவ்வளவு தூரம் மாட்டின் முதுகில் வந்திருக்கிறதென்றால், வாங்க ஆள் இருந்திருக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கும் சரக்குக்கும் சமவெளியில் விளையும் தானியத்துக்கும் இங்கே ஒரு சந்தை இருந்திருக்கிறது. அடியவர்களே, உங்கள் முன்னோர் இந்த ஊருக்குள் நுழைந்தது சந்தை வழியாக. மாட்டுக்குத் தண்ணீர் காட்டாமல் எந்த வியாபாரியும் மலையேறியிருக்க மாட்டார். அந்த மாடுகள் குடித்தது எந்தத் தண்ணீரை?

நீங்கள் நடக்கும் சாலையே ஒரு ஏடுதான். ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி என்று ஊர்ப்பேரிலேயே சத்திரம் இருக்கிறது. இடையில் வரும் விருப்பாட்சியில் வாழைத்தாரைப் பார்த்திருப்பீர்கள். மலைவாழைக்குப் பேர் போன ஊர். 2008-இல் அந்த வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழிந்த பிறகும் மிச்சமிருக்கும் அந்தப் பழத்தில்தான் பழனிப் பஞ்சாமிர்தத்தின் மணமே இருக்கிறது. 2019-இல் பஞ்சாமிர்தத்துக்கும் குறியீடு வந்தது. அதே விருப்பாட்சியின் பாளையக்காரர் கோபால் நாயக்கர். கணவரை இழந்து, சிவகங்கைச் சீமையை விட்டு வந்த வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்தவர். கம்பெனியை எதிர்த்துத் திண்டுக்கல் பாளையங்களைத் திரட்டிய குற்றத்துக்காக 1801-இல் தூக்கிலிடப்பட்டார். திண்டுக்கல்லில் அந்த இடம் ஒரு குளக்கரை என்றும், கோபாலசமுத்திரம் என்ற பேர் அவரால் வந்தது என்றும் ஊரார் சொல்கிறார்கள். எங்கள் பழனிக்கும் பாளையக்காரர்கள் இருந்தார்கள், பக்கத்துப் பாலசமுத்திரத்திலிருந்து ஆண்டார்கள். ஹைதர் அலி திண்டுக்கல்லில் இருந்த காலம், 1792 உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து திண்டுக்கல் சீமை கம்பெனி கைக்குப் போன கதை எல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். பெரிய ஆட்சிகள் மாறியபோதெல்லாம் பாலசமுத்திரம், கோபாலசமுத்திரம் என்று குளத்தின் பேரை ஊருக்கும், ஊரின் பேரைக் குளத்துக்கும் வைத்துக்கொண்டு சனங்கள் வாழ்ந்தார்கள் என்பதை மட்டும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

1928-இல் திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சிக்கு ரயில் வந்தது. அதுவரை மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் வந்த கூட்டம் ரயில் பெட்டியில் வந்து இறங்கியது. இறங்கியவர்களை அடிவாரத்துக்குக் கொண்டுபோகக் குதிரை வண்டிகள். என் சின்ன வயதில் ஸ்டேஷன் வாசலில் வரிசையாக நிற்கும். மடக்கிப் போட்ட கோணிக்கடியில் புல்லுக்கட்டு, அதன் மேல் உட்கார்ந்தால் பச்சை வாசனை வேட்டியில் ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் கடைசிச் சவாரி முடிந்ததும் வண்டிக்காரர்கள் குதிரையை அவிழ்த்துக் குளத்துக்குக் கொண்டுவருவார்கள். கழுத்து மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிய, குதிரைகள் மூச்சு விடும் சத்தம் கரை வரைக்கும் கேட்கும். எதிரே மலை மேல் விளக்கு எரியத் தொடங்கும். அந்த விளக்கு குளத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும். 1966-இல் மலைக்கு விஞ்சு வந்தது, 2004-இல் ரோப் கார் வந்தது. பழைய மீட்டர் பாதையைப் பெயர்த்து அகலப் பாதை போட்டு, 2012-இல் திண்டுக்கல்லிலிருந்து மறுபடி ரயில் ஓடியது. ஒவ்வொன்றும் உங்களை இன்னும் விரைவாக மலைக்குச் சேர்த்தது. ஊரை நிதானமாகப் பார்ப்பதற்கென்று ஒன்றும் வரவில்லை.

இதைச் சொல்லும்போது ஒன்றைக் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். தைப்பூசத் திருவிழாவின் கொடி எங்கே ஏறுகிறது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மலையில் இல்லை. ஊருக்குள் இருக்கும் பெரியநாயகி அம்மன் கோயிலில். நாங்கள் அதை ஊர்க்கோயில் என்றே சொல்வோம். தைப்பூசத் தேர் ஓடுவதும் அந்தக் கோயிலின் ரத வீதிகளில்தான். பங்குனி உத்திரம் வேறு. அதற்குக் கொடி அடிவாரத்தில் திருஆவினன்குடியில் ஏறும், தேர் கிரிவீதியில் ஓடும். தைப்பூசம் ஊரின் விழா. முத்துக்குமாரசுவாமி வள்ளி தெய்வானையோடு எங்கள் தெருக்களில் வருகிறார். மலைக்குப் போய்விட்டு அன்று இரவே பஸ் ஏறுகிறவர்கள், நடந்து வந்தது எந்த விழாவுக்கோ அந்த விழாவையே பார்க்காமல் போகிறார்கள்.

என் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் நீர் பாய்ச்சுகிறவர். குளத்து ஆயக்கட்டு வயல்களுக்குத் தண்ணீர் விடுவதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. மடைக்கு மேலே இரண்டு கல்தூண் நிற்கும். அவற்றுக்கு நடுவே கீழே ஒரு துவாரம், துவாரத்தில் ஆப்பு மாதிரி ஒரு மரக்கட்டை. குளம் நிறைந்திருக்கும்போது அந்தக் கட்டையைத் தூக்க அவர் முங்கித்தான் போக வேண்டும். நான் கரையில் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். முப்பது வரைக்கும் எண்ணியும் தலை தெரியாத நாட்கள் உண்டு. பிறகு கரைக்கு அந்தப் பக்கம், வாய்க்காலில் தண்ணீர் பொங்கும் சத்தம் முதலில் வரும். அதற்கப்புறம்தான் தாத்தா தலை தெரியும். முழுதாகத் திறந்தால் எத்தனை நாளில் எவ்வளவு இறங்கும் என்பது அவருக்குத் தூணில் இருந்த கோட்டைப் பார்த்தாலே தெரியும். கடைமடைக்காரர் வந்து சண்டை போட்டால் குரலை உயர்த்தாமல் சொல்வார்: “ஒனக்கு ராத்திரி முறை. தூங்காம வா.” சம்பளம் பணமாகக் கிடையாது. அறுப்பு முடிந்ததும் களத்தில் அவருக்கென்று நெல் அளந்து வைப்பார்கள்.

வருடத்துக்கு ஒரு தடவை ஊரே மண்வெட்டியோடு இறங்கும். வீட்டுக்கு ஓர் ஆள். வண்டல் எடுத்து வயலில் போடுவார்கள், கரையின் பள்ளத்தை மெத்துவார்கள். குடிமராமத்து என்று பேர். வெள்ளைக்காரன்கூட இதை 1858-இல் சட்டமாக எழுதினான். எழுதியவன் அதைக் கட்டாயம் என்று புரிந்துகொண்டான். எங்களுக்கு அது முறை. முறை என்பதற்கும் கட்டாயம் என்பதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். உங்களை யாரும் கட்டாயப்படுத்தியா நடக்கிறீர்கள்?

அந்த முறை எப்போது நின்றது என்று ஒரு தேதி சொல்ல முடியாது. வயல் மனையானது. மனை வீடானது, விடுதியானது. ஆயக்கட்டுச் சுருங்கியதும் மடையைக் கவனிக்க ஆள் வேண்டாம் என்றாயிற்று. 1886-இல் நகராட்சியான ஊர் இது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை எழுபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. திருவிழாக் காலத்தில் அதன் மேல் லட்சக்கணக்கான பேர் வந்து போகிறார்கள். அத்தனை பேர் குளித்த தண்ணீரும் கழுவிய தண்ணீரும் பள்ளத்தைத் தேடித்தான் போகும். எங்கள் ஊரில் பள்ளம் என்றால் குளம்.

ஆகாயத்தாமரையின் பூ ஊதா நிறத்தில் அழகாக இருக்கும். தென்னமெரிக்காவின் அமேசான் படுகையிலிருந்து வந்த செடி. சுத்தமான தண்ணீரில் மெலிந்துதான் வளரும். சாக்கடைச் சத்து சேரச்சேரக் கொழுத்துக் கொத்துக் கொத்தாகப் பெருகி, தண்ணீரைப் பாயாக மூடிவிடும். கீழே வெளிச்சம் போகாது, காற்றுக் கலக்காது, மீன் திணறும். எந்திரம் வைத்து வாரிக் கரையில் போடுகிறார்கள். மீதியாகும் துண்டிலிருந்து மறுபடி முளைக்கிறது. உள்ளே வரும் சாக்கடையை நிறுத்தாமல் செடியை மட்டும் வாரினால் பத்து வருடம் வாரினாலும் இதே கதைதான்.

இதில் பெரிய குற்றவாளிகள் நாங்கள். ஊர்க்காரர்கள். எங்கள் வீட்டுக் குழாயும் எங்கள் விடுதிக் குழாயும்தான் முதலில் அங்கே திரும்பின. உங்களிடம் கேட்பதற்கு முன்னால் இதை ஒத்துக்கொள்ள வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சண்முகநதிக் கரையிலும் இடும்பன் குளத்திலும் திருவிழா முடிந்த மறுநாள் வந்து பாருங்கள். குளித்துவிட்டு அங்கேயே கழற்றிப் போட்ட பச்சை வேட்டி, காவித் துண்டு, ஈரச் சேலை, நெகிழிப் பை. விரதத் துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போனால் தோஷம் போகும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எந்தப் பெரியவரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பாலாறு, பொருந்தலாறு, வரட்டாறு என்று மலையோடைகள் கூடித்தான் சண்முகநதி. அது அமராவதியில் சேர்ந்து, அமராவதி காவிரியில் சேர்கிறது. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து காவிரித் தண்ணீரைத் தீர்த்தக் காவடியாகக் கொண்டுவந்து முருகனுக்கு ஊற்றுகிறீர்கள். அமராவதி சேர்வது கொடுமுடிக்குக் கீழே என்பதால் நீங்கள் கொண்டுவருவது எங்கள் தண்ணீர் இல்லைதான். ஆனாலும் நாங்கள் காவிரிக்கு ஒரு ஆற்றை அனுப்புகிறோம், காவிரிக்காரர்கள் எங்களுக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். இப்படியொரு கொடுக்கல் வாங்கல் இருக்கும்போது நடுவில் துணியைப் போடலாமா?

எங்கள் மாவட்டத்திலேயே கொடைக்கானல் ஏரிக்கு இந்தக் கதி இல்லாமல் பார்த்துக்கொள்ள எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று பாருங்கள். மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி அது. படகு விடுகிறார்கள், சுற்றிலும் நடக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். பார்க்க ஆள் இருப்பதால் கேட்கவும் ஆள் இருக்கிறது. மலைக்குக் கீழே எங்கள் குளத்தை யாரும் பார்ப்பதில்லை. மேலே போகிற கண்ணோடு வருகிறீர்கள், முதுகைக் காட்டிக்கொண்டு போகிறீர்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகு ஊர்களின் வரலாற்றைத் தேடித்தேடிப் படிப்பது என் பொழுதுபோக்கு. லித்துவேனியா நாட்டில் திராக்காய் என்று ஏரிகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். தலைநகர் வில்னியசுக்குப் பக்கம். ஏரித் தீவில் செங்கல் கோட்டை இருக்கிறது, கூட்டம் கூட்டமாக அதைப் பார்க்க வருகிறார்கள். அங்கே மலை, இங்கே கோட்டை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வந்தவர்கள் கோட்டையோடு திரும்புவதில்லை. பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் விட்டவுடாஸ் என்ற அரசர் கிரிமியாவிலிருந்து கரைம் என்ற சிறு கூட்டத்தாரைக் கொண்டுவந்து அங்கே குடியமர்த்தினார். அவர்களுடைய மர வீடுகள் இன்னும் தெருவில் நிற்கின்றன. தெருவைப் பார்த்து ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று சன்னல். வருகிறவர்கள் அந்தத் தெருவில் நடந்து, சன்னலை எண்ணி, அவர்கள் செய்யும் ஆட்டுக்கறிப் பணியாரத்தை வாங்கித் தின்றுவிட்டு, ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டுத்தான் போகிறார்கள். கோட்டைக்கு வந்தவர்களைத் தெருவுக்கும் தண்ணீருக்கும் கூட்டிப்போக அந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது. ஈராயிரம் வருடத்துக் காரோடனையும் இரண்டாயிரத்தைந்நூறு வருடத்து நெல்லையும் வைத்துக்கொண்டு நாங்கள் அதைச் செய்யவில்லை.

நான் கேட்பது பெரியதில்லை. தரிசனம் முடிந்து கீழே இறங்கியதும் கால்வலி இருக்கும், பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் இருக்கும். இருந்தாலும் ஒரு அரை மணி நேரம் குளக்கரைக்கு வாருங்கள். கரையில் நின்று மலையைப் பாருங்கள். எங்கள் முன்னோர் முருகனைப் பார்த்தது அந்தப் பக்கமிருந்துதான். கூட வந்திருக்கும் பிள்ளைகளிடம் மடைத் தூணைக் காட்டுங்கள். உங்கள் ஊரிலும் ஒரு கண்மாய் இருக்கும், அதற்கும் ஒரு மடை இருக்கும், அதைத் திறந்தவர் பேரன் யாராவது இன்னும் இருப்பார். விரதத் துணியைத் துவைத்து எடுத்துக்கொண்டு போங்கள். குழுவாக வருகிறவர்களின் குருசாமிமார்கள் ஒரு வார்த்தை சொன்னால் நூறு பேர் கேட்பார்கள். நான் நகராட்சி வாசலில் நூறு தடவை சொன்னதைவிட, இவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் “குளம் ஏன் இப்படி இருக்கிறது?” என்று ஒரு தடவை கேட்டால் அதற்குக் கனம் அதிகம்.

முடிந்தால் இன்னொன்று. திருவிழாவின் கடைசி நாள் தெப்பம். ஊர்க்கோயிலுக்குப் பக்கத்துத் தெப்பக்குளத்தில் சாமி வலம் வருவார். பூசத்துக்கு மூன்று நாள் கழித்து, கூட்டமெல்லாம் கலைந்த பிறகு நடப்பதால் பெரும்பாலும் ஊர்ச்சனம்தான் இருக்கும். குழந்தைகள் படியில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருக்கும். தவில்காரர் தண்ணீரில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பார்த்து வாசிப்பார். அந்த இரவு வரைக்கும் ஒரு தடவை இருந்துவிட்டுப் போங்கள்.

தேவகோட்டை ஆச்சிக்கு: போன தைக்கு நீங்கள் வரவில்லை. திண்ணையில் விடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு வழியில் போய்விட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். இந்தத் தைக்கு வந்தால் அக்கா வீட்டில் சொல்லுங்கள், ஆட்டோ வைத்துக் கூட்டிப்போகிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு வெயில் தாழ்ந்ததும், தாத்தா முங்கின மடைக்குப் பக்கத்தில், செடி கொஞ்சம் விலகித் தண்ணீர் தெரிகிற ஓர் இடம் இருக்கிறது. மலை அங்கே முழுதாகத் தெரியும்.

இப்படிக்கு,
வையாபுரிக் குளக்கரையில் வாழும்
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன்,
பழனி